எட்பஸிலா, லுமியா? மொரீசியஸ் தமிழ் வகுப்பறையில் ஊடாடும் காணொளி

மொரீசியஸ் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்குப் பெரும்பாலும் தனக்கென்று ஓர் அறை கிடையாது. இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின், கிரியோல் என்று பிள்ளைகள் பிரிந்து போகிற பாடவேளையில் எந்த அறை காலியோ அதுதான் தமிழ் வகுப்பு. அங்கே ப்ரொஜெக்டர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வைஃபை எட்டுமா என்பது நடுவில் எத்தனை சுவர் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். கோயிலை விட்டால் தமிழ் காதில் விழுகிற இடம் இந்த அறைதான். ஊடாடும் காணொளிக் கருவி எதுவானாலும் அதை இந்த அறையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். கருவி நிறுவனங்களின் விளம்பரத்தில் வருகிற, ஆளுக்கொரு மடிக்கணினி உள்ள வகுப்பில் வைத்துப் பார்த்துப் பயனில்லை.

ஊடாடும் காணொளி என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ குறித்த நொடியில் நின்று கேள்வி கேட்கும். விடை சொன்ன பிறகே மேலே ஓடும். இதற்கு ஆசிரியர்கள் அதிகம் எடுத்தாள்வது இரண்டு. ஒன்று எட்பஸில், முழுக்க இணையத்தில் இயங்குவது. மற்றது எச்5பி என்னும் திறந்தமூல வடிவத்தின் ‘இன்டராக்டிவ் வீடியோ’. அதை நம் கணினியிலேயே செய்துகொள்ள லுமி என்ற இலவச மென்பொருள் உண்டு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குள் லுமி. இடைநிலைப் பள்ளியில், கையில் போனும் வீட்டில் இணையமும் உள்ள பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்க எட்பஸில். ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்பவர்கள் லுமியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எட்பஸில்: எளிது, ஆனால் இணையம் வேண்டும்

எட்பஸிலில் வேலை சீக்கிரம் முடியும். யூடியூப் இணைப்பை ஒட்டு, முன்னும் பின்னும் வேண்டாததை வெட்டு, காலக்கோட்டில் வேண்டிய இடத்தில் நிறுத்தி கேள்வியைச் சேர், வகுப்புக்கு ஒதுக்கு. கேள்வியைத் தயாராக எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம் போதும். தமிழ் யூனிகோடு சிக்கலின்றி ஏறுகிறது. பலவுள் தெரிவுக் கேள்வியை அதுவே திருத்திவிடும். சொந்தமாக எழுதும் விடையை ஆசிரியர்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். தமிழுக்கு அது குறையல்ல, ஏன் என்று கீழே சொல்கிறோம்.

இதன் உண்மையான பலம் ஆசிரியருக்குக் காட்டும் கணக்குதான். எந்தப் பிள்ளை எவ்வளவு பார்த்தது, எந்தப் பகுதியை எத்தனை முறை திரும்பப் பார்த்தது என்பது துண்டு துண்டாகத் தெரியும். ஒரு வகுப்பே ஒரே பகுதியை மூன்று முறை ஓட்டியிருந்தால் அங்கே பேசுகிறவர் வேகமாகப் பேசுகிறார், அல்லது பாடத்தில் வராத சொல் ஏதோ இருக்கிறது. எந்தத் தேர்வுத்தாளும் இதைக் காட்டாது. தாவிச் செல்வதைத் தடுக்கும் விருப்பத்தை மறக்காமல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை கேள்வி வரும் இடத்துக்கே தாவி, ஊகித்து அழுத்திவிட்டுப் போய்விடும்.

மூலக் காணொளியின் ஒலியை எடுத்துவிட்டு உங்கள் குரலைப் பதிவுசெய்யும் வசதியும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் சிறுவர் காணொளிகளில் பேச்சு வேகம் நம் பிள்ளைகளுக்கு எட்டாது. படம் நன்றாக இருந்து பேச்சு ஓடினால், மெதுவான தமிழில் நீங்களே பேசிப் பதியுங்கள். மூல ஒலி முழுவதும் போய்விடும் என்பதால் பின்னணி இசையோ பறவைச் சத்தமோ பாடத்துக்கு வேண்டுமென்றால் இந்த வழி உதவாது.

குறைகள். இலவசக் கணக்கில் 20 காணொளிகளோடு இடம் தீர்ந்துவிடும். பழையதை அழித்துத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். ஒரு பருவத்துக்கு அது போதும், ஆண்டு முழுவதுக்கும் போதாது. யூடியூபில் பதிவேற்றியவர் காணொளியை எடுத்துவிட்டாலோ, பிற தளங்களில் ஓடக்கூடாது என்று மாற்றினாலோ உங்கள் பாடமும் அன்றே போய்விடும். கேள்விகளைத் தனியே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது அதனால்தான். கடைசியாக, 20 டேப்லெட்டில் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒவ்வொன்றும் விநாடிக்கு 1 மெகாபிட் இழுத்தாலும் மொத்தம் 20 மெகாபிட் வேண்டும். தீவெங்கும் ஃபைபர் வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் பள்ளி அலுவலகத்துக்கு வந்த ஃபைபர் மூன்றாவது கட்டடத்தின் கடைசி அறையை எட்டும்போது மெலிந்துவிடுகிறது. பாதிப் பேருக்குச் சக்கரம் சுற்றும், மீதிப் பேர் விடை எழுதி முடித்துச் சும்மா இருப்பார்கள். வகுப்பு கலைவதற்கு அதுவே போதும்.

லுமி: செய்முறை

லுமியை நிறுவித் திறந்து, புதிய எச்5பி உருவாக்கு என்பதை அழுத்தி, பட்டியலில் இன்டராக்டிவ் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். மூன்று தாவல்கள் வரும்: காணொளியை ஏற்றுவது, இடைவினைகளைச் சேர்ப்பது, முடிவில் வரும் தொகுப்புப் பயிற்சி. மூன்றாவதை வெறுமையாக விடலாம்.

இரண்டாவது தாவலில்தான் வேலை. காணொளியை வேண்டிய நொடியில் நிறுத்தி, மேலே உள்ள பட்டையிலிருந்து கேள்வி வகையை இழுத்துப் படத்தின் மேல் விடுகிறீர்கள். இங்கே புதியவர்கள் எல்லோரும் இடறுவது ஒன்றே: ‘வீடியோவை நிறுத்து’ என்ற பெட்டியில் குறியிட மறப்பது. குறியிடாவிட்டால் கேள்வி பத்து விநாடி தோன்றி மறைந்துவிடும், காணொளி தன் பாட்டில் ஓடும். செய்தவர் தன் கணினியில் கேள்வியை எதிர்பார்த்து உடனே அழுத்துவதால் அவருக்கு இது தெரியாது. பிள்ளைகள் முன்னால் ஓட்டும்போதுதான் தெரியும்.

அடுத்தது, கேள்வி பொத்தானாக வருமா, சுவரொட்டி போலப் படத்தின் மேல் விரிந்து வருமா என்ற தேர்வு. கணினியில் விரிந்து வருவது அழகாக இருக்கும். ஏழு அங்குல டேப்லெட்டில் தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அது தாங்காது, விடைகள் பெட்டிக்குக் கீழே போய் மறைந்துகொள்ளும். பொத்தானே பாதுகாப்பு.

‘செக்’, ‘ரீட்ரை’ போன்ற பொத்தான் சொற்களைப் படிவத்தின் அடியில் உள்ள மொழிமாற்றப் பகுதியில் தமிழாக்கலாம்: சரிபார், மறுபடி முயல். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பொத்தான் புதிதல்ல. ஆனாலும் தமிழ் வகுப்பில் திரை முழுதும் தமிழாக இருப்பது நல்லது, ஒரு முறை செய்து அந்தக் கோப்பையே நகலெடுத்துப் புதிய பாடங்களுக்குப் பயன்படுத்தலாம்.

எட்பஸிலில் இல்லாமல் இங்கே கிடைக்கும் பெரிய வசதி, விடைக்கேற்பக் காணொளியைத் திருப்பிவிடுவது. தவறாகச் சொன்னால் 1:05-க்குப் போ, சரியாகச் சொன்னால் 1:40-க்குப் போ என்று நொடியைக் குறிக்கலாம். காதுப்பயிற்சிக்கு இது கைகொடுக்கும்: பிள்ளை தவறவிட்ட அதே வாக்கியம் உடனே மறுபடி ஒலிக்கும். யூடியூபிலிருந்தோ கோப்பிலிருந்தோ ஓடும் காணொளியின் வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு, மிகவும் குறைத்தால் மட்டும் பேச்சு இழுவையாகும்.

தட்டச்சு விடை என்னும் பொறி

கருவிகளை மதிப்பிடுகிறவர்கள் ஆங்கில வகுப்பை மனத்தில் வைத்து எழுதுவதால் இந்தப் பகுதி எங்கும் வருவதில்லை. தமிழாசிரியர் நேரத்தை அதிகம் விழுங்குவதும் இதுதான்.

எச்5பியில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி உண்டு. விடையை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். வேறு விடையும் சரியென்றால் சாய்கோடிட்டுச் சேர்க்கலாம். அதில் ‘சிறு எழுத்துப்பிழையை ஏற்றுக்கொள்’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. கருணையோடு அதைப் போடுகிறவர்கள் உண்டு. மூன்றிலிருந்து ஒன்பது குறிகள் உள்ள சொல்லில் ஒரு பிழை, அதற்கு மேல் இரண்டு பிழை வரை அது மன்னிக்கும். கணினியின் கணக்கில் ‘பழம்’ நான்கு குறி: ப, ழ, ம, புள்ளி. ஆகவே ‘பளம்’ சரி, ‘பலம்’ சரி. லகர ளகர ழகர வேறுபாட்டைச் சோதிக்க வைத்த கேள்வியே அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். கிரியோலில் ழகரமே இல்லாத பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. தமிழுக்கு அந்த விருப்பம் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: சரியான விடையையே தவறென்பது. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக ஒன்று. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் முன் இவற்றை ஒன்றாக்கிக்கொள்ளாத எந்த மென்பொருளுக்கும் அவை வேறு வேறு சொற்கள். ஆசிரியரின் கணினி விசைப்பலகை ஒரு விதமாகவும் பிள்ளையின் டேப்லெட் வேறு விதமாகவும் எழுதினால், பிள்ளை கொடி என்று சரியாக எழுதியும் சிவப்புக் குறிதான் வரும். ‘மௌனம்’ போன்ற சொற்களில் இன்னொன்று: ஔகாரக் குறி விசைப்பலகையில் கண்ணில் படாமல், பிள்ளை ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து எழுதிவிடும். பார்வைக்கு மௌனம், உள்ளே ‘மெளனம்’. முதல் வகையில் பிள்ளையின் தவறு ஒன்றுமில்லை. இரண்டாவது பிழைதான், ஆனாலும் பிள்ளைக்கு ஏனென்று புரியாது.

இதோடு ‘முழு மதிப்பெண் வந்தால்தான் மேலே போகலாம்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. பிள்ளை சரியாக எழுதிக்கொண்டே இருக்கும், காணொளி நகராது. அந்த விருப்பத்தைப் பலவுள் தெரிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சு விடை வேண்டியே தீரும் என்றால், ஒகர, ஓகார, ஔகாரம் வராத சொற்களாகப் பார்த்துக் கேட்கலாம். அல்லது பிள்ளைகள் பயன்படுத்தும் அதே டேப்லெட்டில் விடையைத் தட்டச்சிட்டு அதையும் சாய்கோடிட்டுச் சேர்க்கலாம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளிலிருந்து நேராக வெட்டி ஒட்டாதீர்கள், திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இவற்றைவிட நல்லது சொல்லை இழுத்துப் போடும் பயிற்சி. தட்டச்சே வேண்டாம், ல-ள-ழ மூன்றையும் கண்ணெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வாக்கியத்தில் சொல்லைத் தொட்டுக் குறிக்கும் பயிற்சியும் தமிழுக்கு ஒத்துவருகிறது, ஒரு வரம்போடு: இடைவெளிக்கு இடைவெளி உள்ள முழுச் சொல்லைத்தான் குறிக்க முடியும். ‘மரத்தில்’ என்பதில் உருபை மட்டும் தொடச் சொல்ல வழியில்லை. வேற்றுமை பாடத்துக்கு ‘ஏழாம் வேற்றுமை வந்த சொற்களைத் தொடு’ என்று கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

காணொளியை நாமே எடுப்பது

இங்குள்ள பிள்ளைக்குப் பொருந்தும் தமிழ்க் காணொளி யூடியூபில் தேடினால் கிடைப்பது அரிது. போனில் எடுத்துவிடுவது வேகம். போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் ஒரு காய்கறிக் கடை போதும். கடைக்காரர் கிரியோலில் லாலோ, பிப்பங்காய், பாட்டோல் என்று சொல்ல, ஆசிரியர் குரல் வெண்டைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் என்று மெதுவாகச் சொல்லும். முதல் நிறுத்தம் 0:40-இல் வைக்கலாம். திரையில் மூன்று காய்கள், கேள்வியில் எழுத்தே வேண்டாம், ‘பீர்க்கங்காய் எது?’ என்ற குரல் மட்டும். இரண்டாவது நிறுத்தத்தில் எண்: அரை கிலோவா, ஒரு கிலோவா. மூன்றாவதில் ‘வேண்டும், வேண்டாம்’. நான்கு நிமிடக் காணொளிக்கு நான்கு அல்லது ஐந்து நிறுத்தம் போதும். அதற்கு மேல் வைத்தால் காணொளி போய்க் கேள்வித்தாள் ஆகிவிடும். கேள்விக்கான சொல் ஒலித்து முடிந்த பிறகு இரண்டு விநாடி விட்டு நிறுத்துங்கள். சொல் முடியும் அதே நொடியில் நிறுத்தினால் கடைசி அசை வெட்டுப்படும், தமிழில் உருபும் விகுதியும் அங்கேதான் இருக்கின்றன.

போனில் எடுத்த கோப்பை அப்படியே லுமியில் போடாதீர்கள். பல போன்கள் இப்போது எச்இவிசி என்னும் புதிய சுருக்க வடிவில் பதிகின்றன. பள்ளிக் கணினியின் உலாவியில் அது ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 480பி, எச்.264, எம்பி4 என்று மாற்றுங்கள். தயார் அமைப்புகளில் ‘ஃபாஸ்ட் 480பி30’ சரியாக இருக்கும். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஐந்து நிமிடம் சுமார் 38 எம்பி வரும்.

ஏற்றுமதியில் நமக்குப் பயன்படும் வழி இரண்டு. எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக ஒன்று. எச்டிஎம்எல் தனி, காணொளி தனிக் கோப்புறையில் என்று ஒன்று. ஒரே கோப்பாக்கும்போது காணொளி எழுத்தாக மாற்றி உள்ளே திணிக்கப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு கூடும்: 38 எம்பி 50 எம்பி ஆகும். நினைவகம் குறைந்த டேப்லெட் அதைத் திறக்கத் திணறும். அப்படியானால் கோப்புறை வழிதானே நல்லது என்று தோன்றும். மடிக்கணினிக்கு ஆம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கோப்பு மேலாளரிலிருந்து எச்டிஎம்எல்லைத் திறந்தால் பக்கத்துக் கோப்புறையை உலாவி பார்க்காது. கேள்விகள் இருக்கும், காணொளி இருக்காது. ஆகவே டேப்லெட்டுக்கு ஒரே கோப்பு, காணொளியை இரண்டு நிமிடத்துக்குள் (15 எம்பி, திணித்த பின் 20 எம்பி) வெட்டி. மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் என்றால் கோப்புறை, நீளம் உங்கள் விருப்பம். பென் டிரைவில் நகலெடுக்கும்போது கோப்புறையையும் சேர்த்து எடுக்க வேண்டும், எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துப் போய் வகுப்பில் விழிக்கக்கூடாது.

லுமியின் பெரிய குறை, இப்படி ஏற்றுமதி செய்த கோப்பு மதிப்பெண்ணை ஓரிடத்தில் சேர்த்து வைக்காது. முடிவில் திரையில் வரும் புள்ளியைப் பிள்ளை சொல்ல, ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பள்ளியில் மூடுல் என்னும் இணையவழிப் பாடத் தளம் இருந்தால் (2020-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து எச்5பி பயிற்சி உள்ளேயே இருக்கிறது) அதே பாடத்தை லுமியில் .h5p கோப்பாகச் சேமித்து அங்கே ஏற்றலாம், மதிப்பெண் தானாகப் பதிவாகும். எட்பஸில் காட்டும் ‘எங்கே திரும்பப் பார்த்தான்’ என்ற கணக்கை அது தராது.

டேப்லெட்டே இல்லாத அறைக்கு

நம் வகுப்புகளில் அதிகம் நடக்கப்போவது இதுதான்: ஒரு மடிக்கணினி, ஒரு ப்ரொஜெக்டர், இருபது பிள்ளைகள். ஊடாடும் காணொளி இதில் பாழாகிவிடும் என்பதில்லை. ஆளுக்கு நான்கு வண்ண அட்டை கொடுத்து, காணொளி நிற்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கச் செய்யுங்கள். ஒருவன் சொல்லி மற்றவர்கள் வழிமொழிவது நிற்கும், யார் யாருக்குக் காது எட்டவில்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். பலவுள் தெரிவின் விடை வரிசையை மாற்றி மாற்றிக் காட்டும் விருப்பம் இயல்பாகவே போட்டிருக்கும். அட்டை முறைக்கு அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த விடைக்கு எந்த வண்ணம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒலிபெருக்கி ஒன்று எடுத்துப் போங்கள். மடிக்கணினியின் ஒலியில் ணகரமும் னகரமும் கடைசி வரிசைக்கு ஒன்றுதான். மின்கம்பி விஷயமும் உண்டு: தீவில் பிரிட்டிஷ் மூன்று முள் சாக்கெட்டும் பிரெஞ்சு இரு முள் சாக்கெட்டும் கலந்திருக்கும், இணைப்பான் பையிலேயே இருக்கட்டும்.

தமிழ் வகுப்புக்குக் கிடைக்கும் அறையில் ஊடாடும் ப்ரொஜெக்டர் இருந்தால் ஓபன்போர்டை நிறுவிப் பாருங்கள். பழைய சங்கோரே மென்பொருளின் வழிவந்த இலவச எழுதுபலகை மென்பொருள்தான் அது. காணொளியை நிறுத்தி அதன் மேலேயே எழுதலாம், எழுத்து வடிவம் சொல்லித்தர அது போதும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கூகுள் ஃபார்ம்ஸில் பகுதி பகுதியாகக் காணொளியும் கேள்வியும் வைப்பது ஏழைகளின் எட்பஸில். நடுவில் நிறுத்த முடியாது என்பதால் காணொளியை முன்பே துண்டாக வெட்ட வேண்டும். பிள்ளைகள் தாங்களே பேசிப் பதிவு செய்யப் பலரும் நம்பியிருந்த ஃப்ளிப், 2024 ஜூலையில் தனிச் செயலியாக நின்றுபோனது. பேச்சுப் பயிற்சிக்கு எச்5பியில் ஒலிப்பதிவு வகை தனியாக இருக்கிறது, காணொளிக்குள் வராது.

எட்பஸிலில் பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்கும் முன் ஒன்று. 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவரின் தனித்தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். பள்ளித் தலைமையிடம் கேட்டு, ஒப்புதல் படிவத்தைப் பருவத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். பெயர் கேட்காமல் புனைபெயரோடு நுழையும் திறந்த வகுப்பு முறையும் அதில் உண்டு. கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஆனால் ஒரே பெயரில் இருவர் நுழைந்தால் யாருடைய மதிப்பெண் என்று பிரிக்க முடியாது. பட்டியல் எண்ணையே பெயராகப் போடச் சொல்லுங்கள்.

நவம்பர் முதல் மே வரை புயல் காலம். எச்சரிக்கை ஏறிப் பள்ளி மூடும் நாள்களுக்கு லுமியில் செய்த ஒரே கோப்புப் பாடங்கள் இரண்டு மூன்றைப் பெற்றோர் போனில் முன்பே ஏற்றிக் கொடுத்துவிடலாம். இணையமே இல்லாவிட்டாலும், போனில் சார்ஜ் இருக்கும் வரை அவை ஓடும்.